கூம்பு நத்தை கொட்டினால் முதலில் மூச்சைக் கவனியுங்கள்

கேள்வி: பவளப்பாறைகள் உள்ள ஒரு தீவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்த என் 11 வயது மகள் அழகான சங்கு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதன் ஒரு முனையிலிருந்து குழாய் மாதிரி ஏதோ மெல்ல வெளியே வந்தது. கூட வந்த வழிகாட்டி போட்ட சத்தத்தில் பயந்து கீழே போட்டுவிட்டாள். அது கூம்பு நத்தையாம். கொட்டியிருந்தால் சில நிமிடங்களில் உயிர் போயிருக்கும், மாற்று மருந்தே கிடையாது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பதினைந்து நாள் ஆகிவிட்டது. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இனிமேல் ஏதாவது வருமா? வீட்டு அலமாரியில் இதே மாதிரி காய்ந்த சங்குகள் இரண்டு இருக்கின்றன, அவற்றை எறிந்துவிட வேண்டுமா? அகன்ற பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் பயமில்லை என்கிறார் என் கொழுந்தனார், அது சரியா? கொட்டிவிட்டால் உண்மையிலேயே கைவிட வேண்டியதுதானா? இந்த விஷத்திலிருந்து வலி மருந்து செய்திருப்பதாகவும் படித்தேன். என் மாமியார் பல வருடங்களாக நரம்பு வலியால் அவதிப்படுகிறார், அவருக்கு அது உதவுமா? கடைசியாக என் மகளின் கேள்வி: ஊர்ந்து போகிற நத்தை நீந்துகிற மீனை எப்படிப் பிடிக்கும்?

மயக்கவியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்கு இனிமேல் எதுவும் வராது. கூம்பு நத்தையின் நஞ்சு உடம்பில் ஏறினால் சில நிமிடங்களிலேயே வேலையைக் காட்டத் தொடங்கும். தாமதமானாலும் மணிக்கணக்குதான், நாள்கணக்கு கிடையாது. அன்று அவளுக்கு உதடு மரத்துப்போகவில்லை, கண் இமை சரியவில்லை, பேச்சு குழறவில்லை, விழுங்கச் சிரமப்படவில்லை என்றால் அந்தச் சம்பவம் அன்றோடு முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ தேவையில்லை. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

வழிகாட்டி சத்தம் போட்டது மிகச் சரியான காரியம். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மாற்று மருந்து இல்லை என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் ‘யாராலும் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற கடைசி வார்த்தையை மட்டும் என்னால் விட முடியவில்லை. கடற்கரையில் ஒருவர் மூச்சு நின்று கிடக்கும்போது சுற்றி நிற்பவர்கள் அதை நம்பினால், பிழைக்க வேண்டியவர் அங்கேயே இறந்துபோவார். அதனால் அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதப் போகிறேன். மற்றவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

அலமாரியில் இருக்கும் சங்குகள் அப்படியே இருக்கட்டும். நஞ்சு இருப்பது நத்தையின் உடலில்தான், ஓட்டில் இல்லை. உள்ளே உடல் இல்லாத, காய்ந்து சுத்தமான ஓட்டைக் குழந்தைகள் தாராளமாகக் கையில் எடுக்கலாம். நாற்றம் அடிக்கிறது, உள்ளே ஏதோ ஒட்டியிருக்கிறது என்றால் மட்டும் விரலை விட்டுக் குடையாதீர்கள். செத்த நத்தையின் உடலுக்குள்ளும் கூரான பற்கள் மிச்சம் இருக்கும்.

உங்கள் கொழுந்தனார் சொன்னதைப் பலரும் நம்புகிறார்கள். பழைய சங்கு சேகரிப்பாளர்களிடமிருந்து வந்த அறிவுரை அது. அதை நம்பி யாரும் கையில் எடுக்க வேண்டாம். ஏன் என்று புரிய, உங்கள் மகள் பார்த்த அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறுகிய முனையிலிருந்து முதலில் வெளியே வருவது பெரும்பாலும் அதன் நீர்க்குழல். தண்ணீரை உள்ளே இழுத்து, பக்கத்தில் மீன் இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் உறுப்பு அது. அதனால் ஆபத்தில்லை. ஆபத்தானது அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது குழல். மெல்லியது, ரப்பர் போல இழுபடக்கூடியது. ஓட்டின் பெரும்பகுதியை எட்டும் அளவுக்கு நீண்டு வளைந்து வரும். அதன் நுனியில்தான் ஈட்டி இருக்கிறது. அகன்ற பக்கத்தைப் பிடித்த விரலையும் அது தேடி வரும். நீச்சல் உடையின் துணியையோ சாதாரணக் கையுறையையோ நம்ப முடியாது. சங்கைச் சட்டைப் பைக்குள்ளோ நீச்சல் உடைக்குள்ளோ போட்டுக்கொள்வது கையில் பிடிப்பதைவிட மோசம், ஏனென்றால் உடம்போடு ஒட்டி நீண்ட நேரம் இருக்கும். உயிருள்ள கூம்பு நத்தையைப் பாதுகாப்பாகப் பிடிக்க வழி என்று ஒன்று கிடையாது. கூம்பு வடிவில் ஓடு இருந்தால், உள்ளே உயிர் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீரில் கிடக்கும்வரை தொடக் கூடாது. உங்கள் மகளுக்கு இந்த ஒரு விதி போதும்.

இப்போது அவளுடைய கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. மெல்ல ஊர்கிற ஒரு பிராணி, தன்னைவிடப் பல மடங்கு வேகமான மீனைப் பிடிக்க வேண்டும். துரத்திப் பிடிக்க முடியாது. அடித்த மீன் தப்பி ஓடி எங்கோ போய்ச் செத்தாலும் பயனில்லை, வேறு யாராவது தின்றுவிடுவார்கள். எனவே அடித்த நொடியிலேயே மீன் அசையாமல் நிற்க வேண்டும். இந்த நத்தையின் நஞ்சு இவ்வளவு வேகமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஈட்டி என்று சொன்னேன் அல்லவா, அது உண்மையில் ஒரு பல். சாதாரண நத்தைகளுக்கு நாக்கில் அரம் மாதிரி வரிசையாகப் பற்கள் இருக்கும், பாசியைச் சுரண்டித் தின்பதற்கு. கூம்பு நத்தையில் ஒவ்வொரு பல்லும் உள்ளே துளையுள்ள, நுனியில் கொக்கி வைத்த ஊசியாக மாறிவிட்டது. இப்படிப்பட்ட பற்களை ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கும். தேவைப்படும்போது ஒன்றை எடுத்துக் குழலின் நுனியில் பொருத்திக்கொள்ளும். பின்னால் தசையாலான ஒரு குமிழ் இறுகி, நீளமான நஞ்சுக் குழாயிலிருந்து நஞ்சைத் தள்ளும். ஈட்டி பாய்ந்து, அதன் துளை வழியே நஞ்சு மீனுக்குள் போய்விடும். ஒரு பல் ஒரு தடவைக்குத்தான். மீனைத் தின்று முடித்த பிறகு, செரிக்காத எலும்பு, செதில்களோடு பயன்படுத்திய பல்லையும் வெளியே துப்பிவிடும்.

கூம்பு நத்தை இனங்கள் 800க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை கடல் புழுக்களைத் தின்பவை. சில மற்ற நத்தைகளைத் தின்னும். மீன் பிடிப்பவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் மனிதர்களுக்கு மிக ஆபத்தானது கோனஸ் ஜியோகிராஃபஸ். உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்த இனம். செங்கடலில் தொடங்கி இந்தியப் பெருங்கடல், மேற்கு பசிபிக் வரை பவளப்பாறை உள்ள வெப்பக் கடல்களில் வாழ்கிறது. 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளரும். மற்ற கூம்புச் சங்குகள் கையில் கனக்கும், இதன் ஓடு மட்டும் மெல்லியது, லேசானது. வாய்ப்பிளவு அகலமானது. வெளிறிய நிறத்தின் மேல் செம்பழுப்புத் திட்டுகளும் வலை மாதிரிக் கோடுகளும் இருக்கும். பகலில் மணலிலும் பவளத் துண்டுகளுக்கு அடியிலும் கிடந்து, இரவில் வேட்டைக்குக் கிளம்பும்.

வேட்டையாடும் விதத்தில் இது தனி ரகம். வாய்க்கு முன்னால் இருக்கும் தோல் மடிப்பை அகலமாக, வாய் அகன்ற ஒரு பை போல விரிக்கும். பாறை இடுக்கில் இரவு ஒதுங்கியிருக்கும் சிறு மீன்கள், ஒன்றல்ல, சில நேரம் பல, போராடாமல் அதற்குள் போய்விடும். எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடிய பிறகுதான் ஒவ்வொன்றாகக் குத்தும். மீன்கள் ஏன் ஓடவில்லை என்பது நீண்ட நாள் புதிராக இருந்தது. 2015இல் ஒரு விடை வெளியானது: இந்த நத்தையின் நஞ்சில் இன்சுலின் இருக்கிறது. நத்தையின் சொந்த இன்சுலின் மாதிரி இல்லை, மீனின் இன்சுலின் மாதிரி. அது மீனின் உடம்பில் சேர்ந்ததும் சர்க்கரை சட்டென்று இறங்கி, மீன் மந்தமாகிவிடும். நம் இன்சுலினில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு பகுதி இதில் இல்லை, அதனால் உடனே வேலை செய்கிறது. வேகமாகச் செயல்படும் இன்சுலினை நீரிழிவுக்காரர்களுக்கு உருவாக்க முயல்கிறவர்கள் இதைக் கவனமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வேட்டை ஆயுதத்துக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? இதை உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, மனிதனைக் கொட்டினால் என்ன ஆகும்? நம்மை அது தின்னப் போவதில்லை. பயத்தில்தான் குத்துகிறது. வேட்டைக்கு ஒரு கலவை, தற்காப்புக்கு வேறு கலவை என்று நஞ்சுக் குழாயின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து அது நஞ்சை எடுக்கிறது என்று 2014இல் காட்டியிருக்கிறார்கள். தற்காப்புக் கலவையில் தசையை முடக்கும் பொருள்கள் அதிகம். இவற்றைக் கோனோடாக்சின் என்பார்கள். சிறிய புரதத் துண்டுகள், பெரும்பாலும் 10 முதல் 30 அமினோ அமிலங்கள் கொண்டவை. ஒரே நத்தையிடம் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கும். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போகும் இடத்தில் ஒரு வகை போய் உட்கார்ந்து வழியை அடைக்கும். இன்னொரு வகை, தசைக்குள் மின் சைகை பரவ வேண்டிய சோடியம் வாசல்களை அடைக்கும். முடிவு ஒன்றுதான்: மூளை கட்டளை அனுப்பும், தசை அசையாது. மூச்சுவிட உதவும் தசைகளுக்கும் அதே கதி.

இந்த இனத்தின் கொட்டு பெரிதாக வலிக்காமலே போகலாம். புழு தின்னும் கூம்பு நத்தை கொட்டினால் தேனீ கொட்டியதுபோல் சுரீரென்று இருக்கும், பெரும்பாலும் அதோடு சரி. ஜியோகிராஃபஸ் கொட்டினால் லேசான மரமரப்பு மட்டும்கூட இருக்கலாம். ‘வலிக்கவே இல்லையே, ஒன்றுமில்லை’ என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. இயற்கையியலாளர் ரம்ஃபியஸின் 1705இல் அச்சான குறிப்பில், வலை இழுக்கும்போது இப்படி ஒரு சங்கைக் கையில் வைத்திருந்த அடிமைப் பெண் ஒருத்தியைப் பற்றி வருகிறது. கையில் லேசான அரிப்பு. அது மெல்ல மேலே ஏறியது. அவள் இறந்துபோனாள்.

1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் நடந்ததைப் படித்தால் நேரக்கணக்கு தெளிவாகப் புரியும். 27 வயது, நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர். ஜியோகிராஃபஸ் சங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது கொட்டியது. ஹ்யூகோ ஃப்ளெக்கர் என்ற மருத்துவர் மறு வருடம் அதைப் பதிவு செய்தார். உடனே லேசான மரமரப்பு, வலி கொஞ்சமும் இல்லை. பத்து நிமிடத்தில் உதட்டைச் சுற்றி விறைப்பு. இருபது நிமிடத்தில் பார்வை மங்கி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அரை மணியில் கால்கள் செயலிழந்தன. ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பியது. சுமார் ஐந்து மணி நேரம் கழித்து உயிர் பிரிந்தது.

அந்த ஐந்து மணி நேரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. சிகரெட் ஒன்று பிடித்து முடிப்பதற்குள் ஆள் காலி என்று இந்த நத்தையைப் பற்றிச் சொல்வார்கள். அது மிகை. பெரும்பாலும் நமக்கு நேரம் இருக்கிறது. 1935இல் அந்த நேரத்தை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையே 1950களின் இறுதியில்தான் மருத்துவத்தில் நிலைபெற்றது. இன்று நமக்குத் தெரியும்.

என் வேலையை வைத்துச் சொல்கிறேன். பெரிய அறுவை சிகிச்சைகளில் நோயாளியின் தசைகள் எல்லாவற்றையும் மருந்து கொடுத்து நாங்களே முடக்குகிறோம். அந்த மருந்து போய் உட்காரும் இடமும் இந்த நஞ்சின் ஒரு பகுதி போய் உட்காரும் இடமும் ஒன்றுதான். மருந்து கொடுத்த ஒரு நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். தொண்டையில் குழாய் வைத்து நாங்கள் மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருப்போம். அறுவை எத்தனை மணி நேரம் நீண்டாலும் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. மருந்து தெளிந்ததும் தானே மூச்சு விடுவார். கூம்பு நத்தை கொட்டியவரின் நிலையும் இதற்கு நெருக்கமானதுதான். நஞ்சு நரம்பையோ தசையையோ அழித்துவிடுவதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. பிறகு விட்டுவிடும். பொதுவாக ஓரிரு நாளில் தெளிந்துவிடும். அதுவரை அவருக்கு யாராவது மூச்சுக் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் வென்டிலேட்டர் கொடுக்கும். அங்கே போய்ச் சேரும்வரை மனிதர்கள்தான் கொடுக்க வேண்டும்.

பதிவான மரணங்கள் 30க்கும் மேல் இருக்கின்றன, கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் காரணம் ஜியோகிராஃபஸ்தான். முந்நூறு வருடத்தில் இது சிறிய எண்ணிக்கை. மாற்று மருந்து வராததற்கும் இது ஒரு காரணம். நஞ்சில் உள்ள பொருள்கள் மிகச் சிறியவை, மிகப் பல. கொட்டுப்படுகிறவர்களோ மிகக் குறைவு.

கொட்டிவிட்டது, அல்லது கொட்டியிருக்குமோ என்று சந்தேகம் என்றால், முதலில் ஆளைத் தண்ணீரிலிருந்து கரைக்குக் கொண்டுவாருங்கள். நீந்திக்கொண்டிருக்கும்போது கால் செயலிழந்தால் மூழ்கிவிடுவார். படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். ஒருவர் அவசர உதவிக்கு அழைக்கட்டும். கொட்டியது கையாகவோ காலாகவோ இருந்தால் அகலமான கிரேப் பேண்டேஜை (இழுபடும் துணிக்கட்டு) கொட்டின இடத்தையே மூடும்படி சுற்றி, பிறகு விரல் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கையோ காலோ முழுக்கச் சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டும் அளவு இறுக்கம் போதும், விரல் நீலம் பாய்ந்தால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அப்புறம் குச்சியோ பலகையோ வைத்துக் கட்டி அசையாமல் செய்யுங்கள். மருத்துவமனைக்குப் போய், மூச்சுக்கு உதவி தயாரான பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும். பேண்டேஜ் இல்லாவிட்டால் துணியைக் கிழித்துக் கட்டலாம். கொட்டின இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துவது எதுவும் வேண்டாம். குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசை வலுவிழந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வலி இருந்தால் வெந்நீரில் வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பொறுக்கும் சூட்டில் வைத்தால் வலி குறையலாம்தான், ஆனால் நஞ்சு பரவுவதை அது தடுக்காது. ஜியோகிராஃபஸ் என்று சந்தேகம் இருந்தால் நான் கட்டுப் போடுவதையே முதலில் செய்வேன்.

பிறகு அவர் முகத்தைப் பார்த்தபடியே பக்கத்தில் இருங்கள். பேசச் சொல்லுங்கள். உதடு மரக்கிறதா, இமை தொங்குகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா, குரல் மூக்கால் வருகிறதா, தலையைத் தூக்க முடிகிறதா என்று சில நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். மூச்சு நிற்பதற்கு முன்னால் பெரும்பாலும் இந்த அடையாளங்கள் தெரியும். மூச்சு மேலோட்டமாகி நின்றுவிட்டால் தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மார்பு உயர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு 6 நொடிக்கு ஒரு மூச்சு, குழந்தைகளுக்கு 2 அல்லது 3 நொடிக்கு ஒன்று. நாடி இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியவில்லையா, தயங்காமல் மார்பையும் அழுத்துங்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு. களைத்துப்போனால் இன்னொருவர் தொடரட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுதாகச் செயலிழந்தவர் பார்வைக்கு இறந்தவர் போலவே இருப்பார். கண் பாதி திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் வராது, கிள்ளினால் அசைவு இருக்காது. கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல்கூட இருக்கலாம். ஆனால் மூச்சு ஒழுங்காகக் கிடைத்துக்கொண்டிருந்தால் உள்ளே விழிப்பு இருக்கலாம், நாம் பேசுவது எல்லாம் கேட்கலாம். அதனால் ‘போய்விட்டார்’ என்று அவர் தலைமாட்டில் யாரும் அழக் கூடாது. “நாங்கள் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இது சரியாகிவிடும்” என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருங்கள். அறுவை அரங்கில் நாங்கள் தசையை முடக்கும் முன் மயக்க மருந்து கொடுத்துவிடுகிறோம். கடற்கரையில் அது கிடையாது, உங்கள் குரல் மட்டும்தான் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போனதும் ‘தசைகள் செயலிழந்திருக்கின்றன, நினைவு இருக்கலாம்’ என்று அங்குள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி லேசாக இருந்தாலும் சில மணி நேரமாவது வென்டிலேட்டர் வசதியுள்ள இடத்தில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சங்கை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், போட்டோ போதும். வருடத்துக்கு ஒரு முறையாவது கடலுக்குப் போகிற குடும்பம் நீங்கள். வாயோடு வாய் மூச்சும் மார்பு அழுத்தமும் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கு நீங்களும் கணவரும் போய்விட்டு வாருங்கள். பொம்மை மேல் ஒரு முறை செய்து பார்த்த கைக்கு அவசரத்தில் தயக்கம் வராது. நீரில் மூழ்கியவருக்கும் இதுதான் உதவும்.

இனி உங்கள் மாமியார். நீங்கள் படித்தது உண்மை. அந்த மருந்தின் பெயர் ஸிகோனோடைடு. அது ஜியோகிராஃபஸிலிருந்து வந்ததில்லை, கோனஸ் மேகஸ் என்ற இன்னொரு மீன் தின்னும் கூம்பு நத்தையின் நஞ்சில் இருந்த 25 அமினோ அமிலத் துண்டு. இதைத் தொடங்கி வைத்தவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பால்டோமெரோ ஒலிவெரா. சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது தன் ஆராய்ச்சிக்கான கருவிகள் அங்கே இல்லை. கையருகே கிடைத்த கூம்பு நத்தையை எடுத்துக்கொண்டார். பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மைக்கேல் மெக்கின்டோஷ்தான் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். பள்ளியை முடித்து அப்போதுதான் கல்லூரிக்கு வந்த மாணவர் அவர். உங்கள் மகளுக்குச் சொல்ல இதுவும் ஒரு செய்தி. 2004 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. இன்று ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகவே தயாரிக்கிறார்கள், இதற்காக நத்தையைப் பிடிப்பதில்லை.

மீனின் உடம்பில் இந்தப் பொருள் நரம்பு நுனியில் உள்ள ஒரு வகைக் கால்சியம் வாசலை அடைத்துத் தசையை முடக்குகிறது. நம் தசைக்குப் போகும் நரம்புகள் வேறு வகை வாசலை நம்பி இருப்பதால் இது நம் தசையை முடக்குவதில்லை. ஆனால் அதே வகை வாசல் நம் தண்டுவடத்தில், வலிச் செய்தி மூளைக்குக் கைமாறும் இடத்தில் இருக்கிறது. அங்கே அடைத்தால் வலிச் செய்தி மேலே போகாது. மார்ஃபின் மாதிரி மூச்சை மந்தமாக்குவதில்லை, பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை, நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, நிறுத்த வேண்டுமானால் சட்டென்று நிறுத்திவிடலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது மாத்திரையோ சாதாரண ஊசியோ இல்லை. ரத்தத்தில் போட்டால் ரத்த அழுத்தம் விழும், வேண்டிய இடத்துக்கும் போய்ச் சேராது. எனவே முதுகெலும்புக்குள் மெல்லிய குழாய் வைத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப் பதித்து, மைக்ரோகிராம் கணக்கில் சொட்டு சொட்டாகத் தண்டுவடத் திரவத்தில் விட வேண்டும். பலனளிக்கும் அளவுக்கும் தொந்தரவு தரும் அளவுக்கும் இடைவெளி குறைவு. தலைசுற்றல், குமட்டல், நடையில் தள்ளாட்டம், குழப்பம், மறதி, சிலருக்கு இல்லாதது தெரிவது, மனச்சோர்வு எல்லாம் வரலாம். கடுமையான மனநோய் முன்பு இருந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. வயதானவர்களுக்குக் குழப்பம் எளிதில் வரும் என்பதால் நான் இன்னும் தயங்குவேன். இதனால்தான் மற்ற வழிகள் எல்லாம் பலனளிக்காத, தாங்க முடியாத நாட்பட்ட வலிக்கு மட்டும் இதை வைத்திருக்கிறோம். எல்லா நாடுகளிலும் கிடைப்பதும் இல்லை.

மாமியாரை வலி சிகிச்சை நிபுணரிடம் ஒரு முறை அழைத்துப் போங்கள். இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை வாரம் சாப்பிட்டார், ஏன் நிறுத்தினார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் போன்றவற்றைப் பலர் மிகக் குறைந்த அளவில் சில நாள் சாப்பிட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சரியான அளவில், போதிய வாரங்கள் கொடுத்தால் அதிலேயே வலி பாதியாகக் குறைபவர்கள் உண்டு. வலி எங்கே தொடங்கியது, சர்க்கரையாலா, அக்கியாலா, முதுகுத்தண்டாலா என்பதும் முக்கியம். அதைப் பொறுத்து நரம்புத் தடுப்பு ஊசி, மின்தூண்டல் என்று பம்புக்கு முன்னால் வேறு படிகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் தாண்டிய பிறகும் வலி அவரை வாழவிடவில்லை என்றால், ஸிகோனோடைடு பற்றி அந்த நிபுணரிடமே நேரடியாகக் கேளுங்கள். கேட்கும்போது அவருக்கு முன்பு மனநலப் பிரச்சினை ஏதும் இருந்ததா, சமீபமாக மறதி உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.